அவுகன்னா எத்தன பேரு?

சில வருஷங்களுக்கு முன்பு உண்மை அறியும் குழு ஒன்றோடு ஒரு ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஊர் பேர் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். அறுபது வயசு தாண்டிய ஒரு அப்பத்தா எங்களிடம் பேசினார். செல்போனில் பதிவு செய்துகொண்டோம். அவர் சொன்னதில் ஒரு பகுதி இது:

"அன்னைக்கு நா களத்துல சிந்துன நெல்லக் கூட்டிக்கிட்டு இருந்தேன். அவுக வாராக. ஏய் இவளே, ஒம் மகன் எங்கடிங்கிறாக. நா நிமுந்தேன். சாதியச் சொல்லி வையிறாக. மசுரப் புடிச்சு இழுக்குறாக. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக. நாங்க என்னய்யா செய்ய முடியும்? எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக."

இதை ஆங்கிலத்தில் ஆக்கும் வேலையை எங்கள் தெருப் பிள்ளை ஒருவனிடம் கொடுத்தோம். கல்லூரியில் இரண்டாம் வருஷம். வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த முதல் ஆள் அவன்தான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்தான். அப்பத்தா 'கூட்டிக்கிட்டு இருந்தேன்' என்ற இடத்தில் இறந்தகாலம் வைத்தான். 'வாராக' என்ற இடத்தில் நிகழ்காலம் வைத்தான். 'நிமுந்தேன்' மறுபடி இறந்தகாலம். வந்த ஆளுக்கு ஒரு வாக்கியத்தில் 'தே' என்று பன்மை, அடுத்த வாக்கியத்தில் 'ஹி' என்று ஒருமை. ஒரே வாக்கியத்துக்குள்ளேயே 'தே' வந்து 'ஹி' இழுத்த இடமும் உண்டு.

அறிக்கையை வெளியூரில் ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினோம். அங்கே ஆங்கிலம் தெரிந்த ஒரு தோழர் திருத்தினார். கெட்டவர் இல்லை, நம் பக்கம் நிற்பவர்தான். கோப்பு திரும்பி வந்தபோது பக்கமெல்லாம் சிவப்பு. காலமெல்லாம் இறந்தகாலம் ஆகியிருந்தது. 'ஹி' எல்லாம் அழிந்து 'தே' ஆகியிருந்தது. 'இழுக்குறாக' என்பது, தலைமுடி பிடித்து அவர் இழுக்கப்பட்டார் என்று செயப்பாட்டு வினையாகியிருந்தது. 'எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக' என்ற வாக்கியம் இரண்டு இடத்திலும் இல்லை. ஓரத்தில் ஒரு குறிப்பு: கூறியது கூறல். இப்போது படித்தால் ஒரு பிழை கிடையாது. ஒரு கும்பல் ஒரு மூதாட்டியைத் தாக்கியது என்ற சுத்தமான ஆங்கிலப் பத்தி.

பையன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. "இனிமே இங்கிலீஷ் வேல எனக்குத் தர வேணாம்ணே" என்று மட்டும் சொன்னான்.

அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் வாக்குமூலங்கள், தன்வரலாறுகள், நாவல்கள் எல்லாம் இன்று ஆங்கிலத்துக்குப் போகின்றன. போகிற வழியில் யாரோ ஒருவர் இலக்கணத்தைத் திருத்துகிறார். எது பிழை, எது பிழையில்லை என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இதைப் பேசாமல் தலித் இலக்கியத்தின் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசமுடியாது.

*

தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நம் இலக்கணக்காரர்கள் பிழையை வெறுமனே பிழை என்று விட்டுவிடவில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு இடத்தில் வழு வரும் என்று வகுத்தார்கள். வழு இல்லாமல் பேசுவது வழாநிலை. வழுவாக இருந்தும், காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. மகளைப் பார்த்து அம்மா 'வாடா என் ராசா' என்கிறாள். பால் தப்பு, ஆனால் பாசம் காரணம். சோறு தின்றுகொண்டே 'இந்தா வந்துட்டேன்' என்கிறோம். காலம் தப்பு, ஆனால் அவசரம் காரணம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் தமக்குள் மாறி வரலாம் என்று பவணந்தி நன்னூலில் அனுமதி கொடுக்கிறார்.

அப்படியானால் எங்கள் அப்பத்தாவின் 'வாராக' பிழையில்லை. அவருக்கு அந்த ஆள் அன்றைக்கு வந்து போய்விடவில்லை. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறார். கூட்டியது முடிந்தது, நிமிர்ந்தது முடிந்தது. அவை அவர் செய்த காரியங்கள், ஆகவே இறந்தகாலம். வருவதும் வைவதும் இழுப்பதும் முடியவில்லை, ஆகவே நிகழ்காலம். அவர் பேச்சில் காலம் மாறுகிற இடங்களை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். தான் செய்ததற்கு ஒரு காலம், தனக்குச் செய்ததற்கு ஒரு காலம். மொத்தப் பேச்சிலும் இது ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. பையனுடைய ஆங்கிலத்தில் இது இருந்தது. திருத்திய ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்திலும் கதை சொல்கிறவர் நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வது வழக்கில் உள்ளதுதான். ஆனால் ஒரு பத்தியில் ஒரு காலம்தான் ஓடவேண்டும் என்று பள்ளிக்கூட ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறது. இன்று கணினியில் வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டுக் காட்டுகிற மென்பொருளுக்கும் தெரிந்தது அந்தப் பள்ளிக்கூடப் பாடம்தான்.

நன்னூலைப் பெருமை பேசுவதற்காக நான் இங்கே கொண்டுவரவில்லை. அதே நன்னூல் திணையும் பாலும் மாறலாம் என்பதற்கு ஐந்து காரணம் சொல்கிறது: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். இழிவு கருதி மனுசனை மாடு என்று அஃறிணையில் சொன்னாலும் குற்றமில்லை. இழிவுபடுத்துகிறவனுக்கு இலக்கணத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இழிவுபட்டவள் நடுங்கிப் பேசும்போது காலம் மாறுகிறதே, அதைக் கொச்சை என்றார்கள். வழுவமைதி என்ற கதவு எப்போதும் இருந்தது. யாருக்காகத் திறக்கும் என்பதுதான் கேள்வி.

*

இது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை. நைஜீரியாவில் அமோஸ் டுட்டுவோலா என்று ஒருவர். லாகோஸில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, ஆறு வருஷப் பள்ளிப் படிப்பு. தன்னுடைய யொரூபா மக்கள் கதை சொல்கிற முறையில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். பனங்கள் குடிக்கிற ஒருவன், தனக்குக் கள் இறக்கிக் கொடுத்தவன் செத்துப் போனதால் அவனைத் தேடிச் செத்தவர்கள் ஊருக்கே போகிற கதை. 1952-இல் லண்டன் ஃபேபர் நிறுவனம் வெளியிட்டது. சில திருத்தங்கள் செய்தார்கள். திருத்தியது தெரியட்டும் என்று, ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியில் ஒரு பக்கத்தைத் திருத்தக் குறிகளோடு படமெடுத்துப் புத்தகத்திலேயே போட்டார்கள்.

அந்தப் பக்கம் எனக்கு இரண்டு விதமாகவும் படுகிறது. திருத்தியவர் தன் கையை மறைக்காமல் காட்டியிருக்கிறார், அது நேர்மை. இன்னொரு பக்கம், 'பாருங்கள், இந்த ஆள் நிஜமாகவே இப்படித்தான் எழுதுகிறார்' என்று ஒரு காட்சிப் பொருளை நீட்டுவதும் அதில் இருக்கிறது. எந்தப் பெரிய எழுத்தாளரின் பிழைத்திருத்தப் பக்கத்தையும் இப்படி அச்சிட்டு நான் பார்த்ததில்லை. லண்டனில் டிலன் தாமஸ் அந்த நாவலைக் கொண்டாடி எழுதினார். படித்த நைஜீரியர்கள் பலருக்கோ கோபம். எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் வராது என்று வெள்ளைக்காரன் சந்தோஷப்படுகிறான் என்றார்கள். இரண்டு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. டுட்டுவோலாவிடம் 'இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள்' என்ற கேள்வி மட்டும் இரண்டு தரப்பின் சத்தத்திலும் அமுங்கிப்போனது. பின்னால் 1985-இல் கென் சரோ-விவா தன் 'சோசாபாய்' நாவலுக்கு, அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல் என்று தானே துணைத்தலைப்புப் போட்டுக்கொண்டார். அவருக்கு நல்ல ஆங்கிலமும் தெரியும். தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று வைத்தார். அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அமெரிக்காவில் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்ட கட்ஜோ லூயிஸ் என்ற முதியவரை 1920களின் இறுதியில் சந்தித்து, அவர் பேச்சை அவர் பேசிய ஆங்கிலத்திலேயே எழுதினார். கொச்சையை எடுத்துவிட்டு ஒழுங்கான மொழியில் தந்தால் போடலாம் என்றது ஒரு பதிப்பகம். ஹர்ஸ்டன் முடியாது என்றார். 1931-இல் எழுதி முடித்த 'பாரக்கூன்' 2018-இல்தான் புத்தகமாக வந்தது. ஹர்ஸ்டன் இறந்தது 1960-இல். திருத்த மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை, தன் உயிருள்ள நாளில் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் போனது.

*

நம் வீட்டுக்கு வருவோம். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. பேச்சுத்தமிழை யாரோ ஒரு பாத்திரத்தின் வாயில் மட்டும் வைத்துவிட்டு, கதை சொல்கிற இடத்தில் எழுத்துத்தமிழுக்கு ஏறி உட்கார்ந்துகொள்கிற வேலை அதில் இல்லை. சொல்கிற குரலே தெருவின் குரல். சொற்கள் ஒட்டிக்கொள்ளும், எழுத்து குறையும், காலம் முன்னும் பின்னும் போகும். தமிழ் வாசகனுக்கு முதல் வரியிலேயே காதில் அறைகிறது இது. அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் யார், 'நம்ம ஆத்தா பேசுற மாதிரி இருக்கு' என்று கண் கலங்கியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் 2000-இல் அதை ஆங்கிலத்தில் தந்தார். அந்த மொழிபெயர்ப்பால்தான் பாமா உலகத்துக்குப் போனார். அதற்கு நாம் நன்றி சொல்லாமல் இருக்கமுடியாது. 2016-இல் மறைந்த ஹோம்ஸ்ட்ராம் அக்கறையோடு வேலை செய்தவர். பாமா எழுத்துமொழி இலக்கணத்தை மீறுகிறார் என்பதை முன்னுரையில் அவரே எடுத்துச் சொல்கிறார். என் விமர்சனம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. தமிழில் மீறல் வரிக்கு வரி கேட்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னுரையில் சொல்லப்படுகிறது, வரிகள் பெரும்பாலும் ஒழுங்கான ஆங்கிலத்தில் ஓடுகின்றன. தமிழ் வாசகன் கேட்டதை ஆங்கில வாசகன் ஒரு தகவலாகத் தெரிந்துகொள்கிறான்.

வேறு என்ன செய்திருக்கமுடியும் என்று கேட்பது நியாயம். உடைந்த ஆங்கிலத்தை உருவாக்கிப் பாமாவின் வாயில் வைத்தால் அது கேலிச்சித்திரமாகிவிடும். சினிமாவில் சேரிக்காரன் பேசுகிற மாதிரி எழுதிவைப்பார்களே, அது. லண்டன் தெருவின் கொச்சையை எடுத்துப் போட்டால் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி லண்டனுக்குக் குடிபோய்விடும். ஹோம்ஸ்ட்ராம் எடுத்த முடிவு ஆபத்துக் குறைந்த முடிவு. ஆனால் ஆபத்துக் குறைந்ததும் ஒரு முடிவுதான், அதிலும் இழப்பு உண்டு என்பதை நாம் கணக்கு வைக்கவேண்டும்.

ஒரு சின்ன உதாரணம்: 'நாங்க', 'நாம'. கேட்கிறவரை வெளியே நிறுத்தினால் நாங்க, உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான். 'சங்கதி' போன்ற ஒரு புத்தகத்தில், பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டே இருக்கிற புத்தகத்தில், ஒரு பெண் எந்த இடத்தில் 'நாங்க'வை விட்டு 'நாம'வுக்கு வருகிறாள் என்பதே ஒரு அரசியல். எங்கள் அப்பத்தா 'நாங்க என்னய்யா செய்ய முடியும்' என்றார். அந்த 'நாங்க'வில் குழுவாகப் போன நாங்கள் இல்லை. அவர் எங்களை வெளியேதான் வைத்திருந்தார். ஆங்கில அறிக்கையைப் படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

*

இவ்வளவு சொன்னதை வைத்து, பிழையே அழகு, திருத்துகிறவனெல்லாம் எதிரி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நம் உடைந்த ஆங்கிலத்தைக் கலகம் என்று கருத்தரங்கில் பாராட்டுவார்கள். அவர்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் ஒழுங்கான இலக்கணம் படித்துக்கொண்டிருக்கும். கலகம் நமக்கு, உத்தியோகம் அவர்களுக்கு.

இந்த மண்ணில் நமக்கு எழுத்து என்ன பாடுபட்டு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-இல். அதற்கு முன் இதெல்லாம் இராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் நம் மக்கள் மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்று ஆனது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும், செம்பும் பித்தளையும் கூடாது. சும்மாடுகூட வைக்கோலில்தான், துணியில் கூடாது. அந்தப் பதினொன்றில் ஒன்று: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது. அதற்கு அடுத்து, பிள்ளைகள் மிராசுதாரர் மாட்டைத்தான் மேய்க்கவேண்டும்.

எட்டு வருஷம் கழித்து, 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் ஆரம்பிக்கப்பட்டது. கம்பன் விழா பிறந்தது. 1947-இல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கினார். செந்தமிழுக்கும் கல்விக்கும் பேர்போன ஊர் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் எழுதப் படிக்கக் கூடாது என்ற தடையும் கம்பன் விழாவும் ஒரே தலைமுறையின் கண்முன் நடந்தவை. அந்தத் தடையைக் கேட்டு வளர்ந்தவரின் பேரன் பேத்திகள்தான் இன்று கல்லூரியில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். அவன் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும், பிழையோடு இருந்தாலும், 1931-இன் ஒரு தடையை உடைத்த வாக்கியம். அதனால் அது பிழையாகவே இருக்கட்டும் என்று விடுவதும் துரோகம். ஆடு மாடு மேய்க்கத்தான் நீ என்று அன்றைக்குச் சொன்னதற்கும், உனக்கு இவ்வளவு ஆங்கிலம் போதும் என்று இன்றைக்குச் சொல்வதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அண்ணல் 1936-இல் என்ன செய்தார்? லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தார்கள். சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று பதில் எழுதினார். மாநாடே நடக்கவில்லை. தன் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அவரிடம் அவர்கள் கேட்டது இலக்கணத் திருத்தம் அல்ல, கருத்துத் திருத்தம். இருந்தாலும் அவர் பதில் காற்புள்ளியைத் தொட்டுக்கொண்டு வந்தது சும்மா இல்லை என்றே நினைக்கிறேன். காற்புள்ளி எங்கே விழவேண்டும் என்று அவருக்கு எதிராளியைவிட நன்றாகத் தெரியும். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து அவர் வாங்கிவந்தது அந்தத் தெம்பும்தான். சரோ-விவாவிடம் நான் சொன்ன வித்தியாசமும் இதுவே. திருத்தாதே என்று சொல்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் எது திருத்தம், எது திருட்டு என்று அடையாளம் காண இலக்கணம் தெரிந்திருக்கவேண்டும்.

*

இப்போது அந்தச் சிவப்புப் பக்கத்துக்குத் திரும்புகிறேன். பையனுடைய ஆங்கிலத்தில் நிஜமான வழு ஒன்று இருந்தது. 'தே', 'ஹி' குழப்பம். வக்கீல் தோழர் ஒருவர் பார்த்துவிட்டு, "அடிச்சது ஒரு ஆளா, பல பேரா? இது நீதிமன்றத்துல நிக்காதே" என்றார். அவர் சொன்னது சரி. திருத்திய தோழர் அந்த முரண்பாட்டைச் சரியாகக் கண்டுபிடித்தார். ஆனால் மேஜையில் உட்கார்ந்தபடியே தீர்த்துவிட்டார். 'தே' அதிக இடத்தில் வந்திருந்தது, ஆகவே எல்லாவற்றையும் 'தே' ஆக்கினார். இலக்கணம் ஒத்துப்போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் 'அவுக' என்றால் பல பேராகவும் இருக்கலாம், மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம். 'வாராக' என்பதும் அப்படியே. பையனுக்கு இது தெரியும். தெரிந்ததனால்தான் அவன் கை தடுமாறியிருக்கிறது. காது பன்மை என்றது, மனசு ஒருமை என்றது. அந்தத் தடுமாற்றம் அறியாமை இல்லை. அங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதன் அடையாளம் அது.

மறுபடியும் ஊருக்குப் போனோம். அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனே கேட்டான்: "அப்பத்தா, அவுகன்னா எத்தன பேரு?"

அப்பத்தாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஒரே ஆளுதான்யா. அவுகளப் போயி அவன் இவன்னு சொல்ல முடியுமா?"

ஒரே ஆள். பேர் சொன்னார், வீடு சொன்னார், அப்பன் பேர் சொன்னார். எங்கள் ஆங்கில அறிக்கை அந்த ஒரு ஆளை ஒரு கும்பலுக்குள் ஒளித்துவைத்திருந்தது. செயப்பாட்டு வினை அவரை அதற்குள்ளும் காணாமல் ஆக்கியிருந்தது. செய்தித்தாளில் 'இரு தரப்பினர் மோதல்' என்று வரும்போது நாம் கொதிக்கிறோமே, அந்த வேலையை நம் அறிக்கையே பிழையில்லாத ஆங்கிலத்தில் செய்துவைத்திருந்தது.

'எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக' என்பதை வெட்டியதற்கு வருவோம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், நம்மை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும் மிரட்டுவதும் குற்றமாக, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கவேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு பிரிவின் எண் மாறியது, இந்த நிபந்தனை மாறவில்லை. அந்தத் திருத்தம் சேர்த்த, சாதிப் பேரைச் சொல்லி ஏசுவதற்கான தனிப் பிரிவிலும் அதே நிபந்தனை. பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வையில் படும் இடம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஸ்வரன் சிங் வழக்கில் பிரித்துச் சொன்னது. வீட்டு வாசலானாலும் வெளியாட்கள் பார்க்கமுடிந்தால் அது பார்வையில் படும் இடமே. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியாட்கள் யாரும் இல்லாமல் நடந்ததற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றது. ஒரு சொற்றொடரில் வழக்கு நிற்கிறது, ஒரு சொற்றொடரில் விழுகிறது.

அப்பத்தாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் எல்லாரும் பார்த்தார்கள் என்பதை இரண்டு தடவை சொன்னார். அடியைவிட அதுதான் அவருக்கு வலி. சட்டம் கேட்பதும் அதைத்தான். கூறியது கூறல் என்று வெட்டப்பட்ட அந்த வாக்கியம்தான் வழக்கின் முதுகெலும்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கிளம்புகிற நேரத்தில், திருத்தி எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினோம். 'அவுக வந்தாக, அவுக இழுத்தாக' என்று பையன் வாசித்துக்கொண்டே வந்தான். அப்பத்தா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவன்னே எழுதிக்க" என்றார்.

அறுபது வருஷத்து 'அவுக' அன்றைக்கு 'அவன்' ஆனது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹி'தான். அந்த வாக்குமூலத்திலேயே பெரிய நிகழ்ச்சி அதுதான், ஆங்கிலத்தில் அதற்குத் தடயமே கிடையாது. வேறு வழியில்லாமல் அறிக்கையில் தனியாக நாலு வரி எழுதிச் சேர்த்தோம். முதல் நாள் எந்தச் சொல், இரண்டாம் நாள் எந்தச் சொல், நடுவில் என்ன நடந்தது என்று. அந்த நாலு வரியைப் பையன்தான் ஆங்கிலத்தில் எழுதினான்.

*

இதை வைத்து நாம் சில காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கும்போது பேசியவரின் தமிழை, பேசியபடியே, பக்கத்தில் வைக்கவேண்டும். எங்கே காலம் மாறுகிறது, எங்கே ஒருமை பன்மை மாறுகிறது என்று பார்த்தால், முதலில் கோடு போடாமல் பேசியவரிடம் கேட்கவேண்டும். மனுவிலும் சத்தியப்பிரமாணத்திலும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது, யார், எத்தனை பேர் என்பது சந்தேகமில்லாமல் இருக்கவேண்டும். அங்கே வழுவுக்கு இடமில்லை, மதுரைக் கிளையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில்தான் கை வைப்பார். தன்வரலாறு, கதை, இதழில் வருகிற வாக்குமூலம் இவற்றில் பேசியவரின் காலமாற்றத்தை மாற்றக்கூடாது. எதிலானாலும் செய்தவன் இல்லாத செயப்பாட்டு வினை நமக்கு வேண்டாம். திருத்தி முடித்ததைப் பேசியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் வெளியே அனுப்பக்கூடாது. திருத்துகிறவர் தான் எதைத் திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று எழுதி வைக்கவேண்டும்.

கூடவே நம் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். சாயந்திரப் பள்ளி நடத்துகிற தோழர்கள் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுக்கிற நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். வழு எது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வழுவமைதியைக் கேட்டு வாங்கத் தெரியும்.

எங்கள் பையன் இப்போதும் எழுதுகிறான். 'ஹி'யா 'தே'யா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கிறான். அந்தக் கேள்விக்குறியோடுதான் பஸ் ஏறுகிறான்.